ஸ்கின்னர் துரையின் ரோடும் நம் கானும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறி முடித்ததும் ரோட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கோபுரம் நிற்கும். உயரம் சுமார் 125 அடி. கண்டி ரோட்டுக்குத் திட்டம் போட்ட ராணுவப் பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பியது. அவர் 1829 இலேயே இறந்துவிட்டார். அதே ஏற்றத்தில் பழைய ரோடு ஒரு பாறையின் வயிற்றைக் குடைந்துகொண்டு போன இடத்தையும் இன்றைக்குப் பார்க்கலாம். மலையைத் துளைத்து வருகிறவனிடம்தான் கண்டி விழும் என்று சிங்களவர்களிடையே ஒரு வாக்கு இருந்ததாம். அதற்காகவே துளைத்தார்கள் என்பது கதை. ராஜ்யம் விழுந்து பல வருடம் கழித்துத்தான் ரோடு வந்தது என்பதால் கதையின் கணக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

கோபுரம் டோசனுக்கு. ஆனால் இந்த மலைகளின் ரோடுகளோடு ஏறக்குறைய ஐம்பது வருடம் வாழ்ந்தவர் வேறொருவர். பெயர் தோமஸ் ஸ்கின்னர். பதினாலு வயதில் வந்து, பதினைந்தில் படையில் சேர்ந்து, 1867 இல் பொதுப்பணித் திணைக்களத்தின் தலைவராக ஓய்வுபெற்றுப் போனார். கொழும்பில் ஒரு வீதிக்கு அவர் பெயர் இருந்தது, பிறகு அதுவும் மாறிவிட்டது. அவருக்குக் கீழே மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களில் பெரும்பங்கு நம் ஆட்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்.

படைக்காரர்கள் ஏன் ரோடு போட்டார்கள்? காரணம் தோல்வி. 1803 இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படை அங்கேயே சிக்கி, மேஜர் டேவியின் ஆட்கள் வட்டப்புளுவையில் வெட்டப்பட்டார்கள். காய்ச்சல் பாதி கொன்றது, சாமான் வராதது மீதியைக் கொன்றது. 1815 மார்ச்சில் கண்டி ராஜ்யத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு வருடம் கழித்து ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. 1818 இல் அதை அடக்குவதற்குள் மறுபடி அதே பாடம்: அரிசி மூட்டை தலைச்சுமையாக ஏறுகிற ஒற்றையடிப் பாதையை நம்பி ஒரு நாட்டை வைத்திருக்க முடியாது. ரோடு அவர்களுக்குப் பொதுச்சேவையாகத் தொடங்கவில்லை. படை நகரவும் சாமான் ஏறவும் ஒரு வழி, அவ்வளவுதான். பிறகு கோப்பி அதன்மேல் ஏறிக்கொண்டது.

அந்த முடிவை எடுத்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூவில் கடுமையாகக் காயம்பட்ட போர்வீரர். 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநர், 1824 முதல் 1831 வரை ஆளுநர். இந்தத் தீவுக்கு முதலில் வேண்டியது ரோடு, இரண்டாவது ரோடு, மூன்றாவதும் ரோடு என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டவரும் அவர்தான், ஆகவே மூன்று தடவை சொன்னதில் ஆச்சரியமில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்ததும் அதே காலம்; அவரும் படையில் இருந்தவர். மலையகத் தமிழரின் 200 வருடக் கணக்கு 1823 இலிருந்து தொடங்குவது இந்தக் கோப்பிக்காரர்களால்தான். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நினைவு நடை போன வழியும் பழைய கூலிப் பாதையை ஒட்டியதே.

கண்டி ரோட்டு வேலை நடந்தபோது பார்ன்ஸ் கையில் இருந்த ஆட்பலம் ராஜகாரியம்: ராஜா காலத்துக் கட்டாய ஊழியம், கூலி கிடையாது. 1820 இல் பதினாறு வயது ஸ்கின்னரிடம் ரோட்டின் ஒரு துண்டையும் அப்படிப் பிடித்துவந்த கிராமத்து ஆட்களையும் ஒப்படைத்தார்கள். அவருக்கு ரோடு போடத் தெரியாது. ஆட்களுக்கும் தெரியாது. எந்தக் கல்லூரியிலும் படிக்காத பையன் வேலையைச் செய்துதான் கற்றான். பின்னால் 1830 களில் மலைநாட்டை அளக்க அனுப்பியபோதும் அதே கதை. கருவியைக் கையில் எடுத்த பிறகுதான் அதைப் படித்தார். யானைகள் மலை ஏறும் தடத்தை அவர் மதித்தார். அத்தனை எடையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பிராணி செங்குத்தில் ஏறாது, சுற்றித்தான் போகும். நல்ல சரிவு எங்கே இருக்கிறது என்று அது ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும்.

1832 இல், தீவின் நிர்வாகத்தை ஆராய லண்டன் அனுப்பிய கோல்புரூக் ஆணைக்குழுவின் யோசனைப்படி ராஜகாரியம் ஒழிந்தது. அந்த வருடமே கொழும்பு – கண்டி தபால் குதிரைக் கோச்சு ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் பேராதனையில் மகாவலிக்கு மேலே ஜோன் பிரேசர் கட்டிய முதிரைப் பாலம் திறந்தது: 205 அடி ஒரே வளைவு, ஆணி இல்லை, போல்ட் இல்லை, மரத்தோடு மரம் கோத்தது. 1905 இல் இரும்புப் பாலம் வரும்வரை எழுபது வருடத்துக்கு மேல் வண்டி சுமந்தது.

ராஜகாரியம் போன பிறகு ரோட்டுக்கு ஆள் வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். அங்கேதான் பயனியர் படை பெரிதாகிறது. படைப்பிரிவு மாதிரி அணிஅணியாகப் பிரித்து, முகாம் போட்டு, அரிசியும் வேலைக் கருவியும் அரசாங்கமே கொடுத்து வருடம் முழுக்க ரோட்டிலேயே வைத்திருக்கும் நிரந்தர வேலைப்படை அது. ஆட்களில் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போனபோது, ரோட்டில் மட்டும் ஆள் நிரந்தரமாக நின்றான். ஸ்கின்னரின் சாதனைக்கு உண்மையான காரணம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். அவர் வந்தபோது வண்டி ஓடும் ரோடு என்று சொல்ல இங்கே ஒன்றும் இருக்கவில்லை. போகும்போது ஏறக்குறைய 3000 மைல் இருந்தது. புதிதாகப் போட்டது பாதிக் கதை. போட்டதை மழை கொண்டுபோகாமல் வைத்திருந்தது மறுபாதி. அதற்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்வெட்டியோடு அதே இடத்துக்குத் திரும்பிவரும் ஆள்.

மலை ரோடு எப்படி நிற்கிறது

மலை ரோட்டில் முதல் வேலை வெட்டுவது இல்லை, கோடு பிடிப்பது. இரண்டு இடங்களுக்கு இடையில் கட்டாயம் தொட வேண்டிய புள்ளி கணவாய், அதாவது மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் இடம். ஆகவே கோட்டை அங்கிருந்து கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கீழேயிருந்து ஏறினால் கணவாய்க்குக் கீழே நூறடியிலோ மேலே நூறடியிலோ போய் முட்டும் ஆபத்து உண்டு.

சரிவைப் பிடிக்கப் பயன்பட்ட கருவி அளவையியல் பாடநூல்களில் இன்றும் இலங்கையின் பெயரோடு இருக்கிறது: சிலோன் காட் ட்ரேசர். ஒரு கழியில் தொங்கும் வெற்றுக்குழாய், அதன்கீழ் நகரும் கனமான எடை, பக்கத்தில் 1க்கு 20, 1க்கு 15 என்று குறித்த அளவுகோல். எடையை வேண்டிய குறிக்கு நகர்த்தினால் குழாய் அந்தச் சரிவுக்குச் சாய்ந்து நிற்கும். முன்னே ஓர் ஆள் குழாய் இருக்கும் அதே உயரத்தில் குறிப்பலகை கட்டிய கழியோடு போவான். குழாயின் கண் துளையில் பார்க்கிறவர் கையைக் காட்டி அவனை மேலே கீழே நகர்த்துவார். குறுக்குக் கம்பியில் பலகை விழுந்ததும் அங்கே முளை. பிறகு அடுத்த முளை. சங்கிலிக்கு ஒன்று, அதாவது 66 அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு போனால் ஒரு மைலுக்கு 80 முளை. தலையில் கணக்கில்லாதவர்கூட ஒரு நாளில் பழகிக்கொள்ளலாம். இரண்டு கழியின் உயரமும் ஒன்றாக இல்லாவிட்டால் மட்டும் முழுக்கோடும் பாழ்.

1க்கு 20 என்றால் இருபது அடி போனால் ஓரடி ஏற்றம். 1000 அடி ஏற வேண்டுமென்றால் 20,000 அடி ரோடு, ஏறக்குறைய நாலு மைல். 1க்கு 10 வைத்தால் இரண்டு மைலில் முடியும், செலவும் பாதி. ஆனால் பாரவண்டி மாடு அதில் நிற்காது. இன்னொரு சோடி மாடு கட்ட வேண்டும், இறங்கும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், 1க்கு 10 சரிவில் ஓடும் மழைத்தண்ணீர் கானின், அதாவது ரோட்டோர வாய்க்காலின், அடியைக் கிழித்துவிடும். லொறி காலத்தில் மாட்டுக் கவலை போய்விட்டது, தண்ணீர்க் கவலை அப்படியே இருக்கிறது. தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) நேரே ஏற்றிவிட்ட குறுக்கு ரோடுகள் இரண்டு மழைக்காலத்தில் ஓடையாக மாறுவது இதனால்தான்.

கொண்டை ஊசி முடக்கில் சரிவைக் குறைக்க வேண்டும், 1க்கு 40 அளவுக்கு. உள்வளைவின் நீளம் வெளிவளைவைவிடக் குறைவு என்பதால், நடுக்கோட்டில் 1க்கு 20 இருந்தாலும் உள்பக்கச் சக்கரம் அதைவிடச் செங்குத்தில் ஏறும். இதைக் கவனிக்காத முடக்குகளில்தான் பஸ் பின்வாங்கி மறுபடி முன்னேறி வளைக்கிறது.

பிறகு வெட்டு. மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிப் பாதி வெட்டு, பாதி நிரப்பாக ரோடு அமைப்பது மலிவு. அது மிதமான சரிவுக்குத்தான். தளர்ந்த மண் தானாக நிற்கும் கோணம் 35 பாகையை ஒட்டியது. மலை அதற்குமேல் செங்குத்தாக இருந்தால் கொட்டிய மண் எங்கேயும் தங்காது. அங்கே முழு அகலத்தையும் மலைக்குள் வெட்ட வேண்டும், அல்லது கீழே சுவர் கட்டி நிரப்ப வேண்டும். பழைய ரோடுகளில் வெளியோரம் மட்டும் நீளவாக்கில் பிளந்து இறங்கியிருக்கும். அந்தப் பிளவு போகிற கோடு பெரும்பாலும் வெட்டும் நிரப்பும் சந்திக்கிற கோடு.

கல்லடுக்குச் சுவரில் பழைய கொத்தனார்கள் கைவிடாத சில கணக்கு உண்டு. அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. முகம் நாலடி ஏறும்போது ஓரடி மலைப்பக்கம் சாய வேண்டும். நீளக்கல்லைக் குறுக்கே வைத்துச் சுவரின் முன்னையும் பின்னையும் கட்ட வேண்டும். சீமெந்து வைக்காத சுவர் நூறு வருடம் நிற்க, சீமெந்து பூசிய சுவர் ஐந்து வருடத்தில் வயிறு தள்ளுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெறும் கல்லடுக்கில் தண்ணீர் கல்லிடுக்கு வழியே கசிந்து வந்துவிடும். சீமெந்துச் சுவரில் அதற்கு வழி விட வேண்டும்: நாலைந்து அடிக்கு ஒரு கசிவுத் துளை, துளைக்குப் பின்னால் சல்லி. துளை வைத்துவிட்டுப் பின்னால் களிமண்ணை நிரப்பினால் துளை வைக்காதது போலத்தான்.

மேலே போடும் கல்லில் ஸ்கின்னர் காலத்துப் புது அறிவு ஸ்கொட்லாந்து ரோட்டுப் பொறியியலாளர் மக்காடமுடையது. பெரிய கல்லை அடியில் பரப்பாமல், ஒவ்வொன்றும் 6 அவுன்ஸுக்கு, அதாவது 170 கிராமுக்கு மேற்படாத உடைகல்லைப் பல அடுக்காகப் போட்டு இறுக்குவது. சின்னக் கல் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். அதற்கும் ஒரு நிபந்தனை: அடிமண் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே கல்லைப் பற்றிய பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து முடிகிறது.

கான்

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் கான் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தேயிலை மலையின் மண்ணைக் காப்பது கான், ரோட்டைக் காப்பதும் அதுதான். ஓர் ஏக்கர் மலையில் ஒரு நாளைக்கு 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 4 லட்சம் லீற்றர். 5000 லீற்றர் பவுசரில் 80 பவுசர். நல்ல காடோ நெருங்கிய தேயிலையோ இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடியின் கிளை கழித்த, மலையிலும் வெற்று மண்ணிலும் ஏறக்குறைய முழுதும் ரோட்டுக்கு வரும். ரோடு மலையின் குறுக்கே வெட்டிய ஒரு படி. மேலே இருந்து வருகிற எல்லாத் தண்ணீரும் அந்தப் படியில் விழுந்துதான் ஆக வேண்டும்.

அதை வாங்கிக்கொள்வது மலைப்பக்கக் கான். ரோட்டின் முகம் கொஞ்சம் மலைப்பக்கம் சாய்ந்திருந்தால் ரோட்டில் விழுந்ததும் அங்கேயே சேரும். கான் தண்ணீரை நீண்ட தூரம் சுமக்கக் கூடாது. நூறு மீற்றருக்குள் ஒரு மதகு வைத்து ரோட்டுக்கு அடியால் மறுபக்கம் அனுப்பிவிட வேண்டும். செங்குத்தில் இன்னும் நெருக்கமாக. மதகுக் குழாய் 18 அங்குலத்தில் போட்டால் காசு மிச்சம், ஆனால் ஒரு சாக்கும் நாலு கிளையும் வந்தால் அடைத்துக்கொள்ளும், உள்ளே கை எட்டாது. 24 அங்குலம் குறைந்தபட்சம், ஆள் நுழையும் 36 அங்குலம் உத்தமம்.

மதகின் வாயைவிட அதன் வால் முக்கியம். வெளியே வரும் தண்ணீர் பாறையில் விழ வேண்டும், அல்லது ஏற்கெனவே இருக்கும் ஓடையில். நிரப்பு மண்ணில் நேரே விழுந்தால் ஒரே பருவத்தில் குழி பறித்து, குழி மேல்நோக்கித் தின்றுகொண்டே வந்து ரோட்டின் ஓரத்தை இழுத்துக்கொண்டு போகும். கல் பதித்த படிகளில் இறக்கி விடுவது இதற்கு மருந்து. நம் இடங்களில் இன்னொரு பிசகும் உண்டு: மதகின் வால் லயத்துப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரோடு முதலில் வந்ததா, லயம் முதலில் வந்ததா என்று வழக்காடுவதால் பலனில்லை. தண்ணீரைக் கான் கட்டித் திருப்ப வேண்டும்.

வெட்டுச் சரிவுக்கு மேலே, விளிம்பிலிருந்து பத்தடியாவது தள்ளி, மேல்தண்ணீரை மறித்துத் திருப்ப ஒரு மறிகான் வெட்டுவது வழக்கம். இதில் ஒரு எச்சரிக்கை. மண்ணில் வெடிப்பு இருக்கும் இடத்தில் பூச்சில்லாத மறிகான் தண்ணீரைத் தேக்கி வெடிப்புக்குள் ஊட்டிவிடும். நல்லது செய்யப் போய்ச் சரிவை உண்டாக்கும் வேலை அது. அங்கே கானுக்குக் கல்லோ கொங்கிரீட்டோ பதிக்க வேண்டும், முடியாவிட்டால் வெட்டாமலே விடுவது நல்லது.

பயனியர் படை போன பிறகு பி.டபிள்யு.டி. (பொதுப்பணித் திணைக்களம்) காலத்தில் இந்த வேலைக்கு ஏறக்குறைய மைலுக்கு ஓர் ஆள் என்று வைத்திருந்தார்கள், மேலே ஓவசியர். மழை விட்டதும் மம்பட்டியோடு தன் துண்டை முழுக்க நடந்து பார்ப்பது அந்த ஆளின் வேலை. மதகில் கிளை சிக்கியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவான், ஐந்து நிமிட வேலை. அதே கிளை அடுத்த மழைவரை இருந்தால் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஏறி வெளியோரத்தை அரிக்கும். அப்போது அது ஐந்து லொறி கல் வேலை. அந்த ஆளை எடுத்துவிட்டு இயந்திரமும் ஒப்பந்தக்காரரும் வந்தார்கள். இயந்திரம் வருடத்துக்கு ஒருமுறை வரும். மழை அதற்குக் காத்திருப்பதில்லை.

சட்டமும் சில்லறையும்

ஸ்கின்னரின் சேவையைப் புகழ்கிற எழுத்துகள் பெரும்பாலும் தாண்டிப்போகிற வருடம் 1848. அந்த வருட வீதிச் சட்டம் வயதுவந்த ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் ரோட்டில் உழைக்க வேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. பதினாறு வருடத்துக்கு முன் ஒழித்த ராஜகாரியம் வேறு வேஷத்தில் திரும்பியது என்றே கிராமத்து மக்கள் எடுத்துக்கொண்டார்கள். துவக்கு வரி, நாய் வரி, கடை வரியோடு இதுவும் சேர, மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுடப்பட்டார். பிக்குகளையும் ரோட்டு வேலைக்குச் சேர்த்தது மிகப் பெரிய பிழை என்று பிறகு விலக்கினார்கள். மற்ற வரிகள் போயின, ரோட்டு வரி நீண்ட காலம் நின்றது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1849 அளவில் ஸ்கின்னர் கொடுத்த குறிப்பில் அரசாங்கத்தையே குற்றம் சாட்டினார்: சாராயத் தவறணைகளை வருமானத்துக்காகப் பெருக்கி ஊர்களைக் கெடுத்தது நாங்கள்தான் என்று. பாழடைந்த குளங்களையும் உட்பகுதி மக்களின் நிலையையும் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். தன் சம்பளம் வரும் கையைக் கடிக்கிற அதிகாரிகள் அப்போதும் அதிகம் இல்லை. வடக்கு ரோட்டையும் அவர் பார்த்தார். மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூலிகள் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியோரம் விழுந்தார்கள். அப்படி விழுந்தவர்களுக்கு ஒழுங்கான பதிவேடு இருக்கவில்லை. எத்தனை கோப்பி மூட்டை இறங்கியது என்பதற்கு மட்டும் இருந்தது.

அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்கள் வந்தன. தோட்டக்காரர்கள் பாதிச் செலவு கொடுத்தால் அரசாங்கம் மீதி போட்டுக் கிளை ரோடு திறக்கும். துரைமார் ரோடு கேட்டது பெக்டரியிலிருந்து சாமான் இறங்குவதற்கு. ஆகவே ரோடு பெக்டரி வாசலோடும் பங்களா வாசலோடும் நின்றது. லயத்துக்கு ஏறியது மண்பாதை. இன்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பழைய முடிவு தெரியும்.

யாருடைய ரோடு

இன்றைக்கு ஒரு ரோடு உடைந்தால் முதல் கேள்வி அது யாருடையது என்பது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சி, டி மாகாணத்தின் பொறுப்பு. அதற்குக் கீழானவை பிரதேச சபை, நகர சபையுடையவை. தோட்டத்துக்குள் போகிறவை கம்பெனியின் கையில். 1992 முதல் தோட்டங்கள் குத்தகைக்குப் போனதால் காணி அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் கம்பெனியினுடையது, நடப்பவர் நாம். பிழையான கந்தோருக்கு எழுதிய மனு ஆறு மாதம் கழித்து ‘எமது பொறுப்பில் இல்லை’ என்று திரும்பிவரும்.

தோட்ட ரோட்டுக்கு நீண்டநாள் தடையாக இருந்தது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு. அதைக் காட்டித் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் காசு செலவழிக்க முடியாது என்றார்கள். வாக்கு வாங்கலாம், கான் வெட்ட முடியாது. 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. சட்டம் மாறியது எல்லாக் கந்தோர் மேசைக்கும் எட்டிவிடவில்லை. மனுவில் திருத்தத்தின் இலக்கத்தை எழுதிவிடுவது நல்லது. தோட்ட நிர்வாகத்திடம் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வாங்கி இணைத்தால் ஒரு சுற்று அலைச்சல் குறையும்.

மனுவில் ‘ரோடு மோசம்’ என்று எழுதினால் எடுபடாது. கிலோமீற்றர் கல், மதகு இலக்கம், அடைபட்ட நீளம், மழை பெய்யும்போது எடுத்த படம், தண்ணீர் கடைசியில் எங்கே விழுகிறது, அதற்குக் கீழே எத்தனை வீடு என்று எழுத வேண்டும். கேட்கும் ஒழுங்கும் முக்கியம்: முதலில் கானும் மதகும், பிறகுதான் கொங்கிரீட். மூன்று மீற்றர் அகலத்தில் 100 மில்லிமீற்றர் கனத்தில் ஒரு கிலோமீற்றர் கொங்கிரீட் போட 300 கன மீற்றர் வேண்டும். அத்தனை காசைக் கொட்டிவிட்டுக் கானை விட்டுவிட்டால், தண்ணீர் கொங்கிரீட் பலகையின் ஓரத்தால் இறங்கி அடிமண்ணைக் கரைக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், தட்டினால் வெற்றோசை வரும். பிறகு ஒரு நாள் கொழுந்து லொறி ஏறும்போது பலகை முறியும். திறப்புவிழாப் பெயர்ப்பலகை மட்டும் ஆடாமல் நிற்கும்.

கோடை முடிந்து மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடிக்கும்போது அடி வாங்குவது மேற்குச் சரிவு: கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேலே பெய்யும். ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை பதுளை, பண்டாரவளை, ஹல்தும்முல்லைப் பக்கத்துக்கு முறை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது அந்தப் பருவத்தில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையக ரோடுகள் ஒரே நாளில் பல இடங்களில் அறுந்தன. ஊர்கள் 1803 மாதிரி தலைச்சுமையை நம்பி நின்றன.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் மழை எல்லைகளை ஒவ்வொரு லயத்திலும் சுவரில் எழுதி வைக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர்: விழிப்பாக இரு. 100: வெளியேறத் தயாராகு. 150, அல்லது ஒரே மணி நேரத்தில் 75: வெளியேறு. அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரப்பேணியைக் கூரைக்கும் மரத்துக்கும் தள்ளித் திறந்த வெளியில் வைத்து, அளவுகோலால் நேரே அளந்தால் போதும். மூன்று அங்குலம் நிறைந்தால் 75. ஒரே ஆள் ஒரே நேரத்தில் தினமும் அளந்து ஊற்றிவிட வேண்டும். நேற்றைய தண்ணீர் மிச்சமிருந்தால் கணக்குக் கெடும். பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருவது அல்லது திடீரென்று நின்றுவிடுவது, கதவு நிலையில் இறுகுவது — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேணி நிறையும்வரை காத்திருக்கக் கூடாது.

சிரமதானம் (ஊர்கூடிக் கூலியின்றிச் செய்யும் வேலை) வைக்கும் ஊர்களுக்கு ஒரு வேலைமுறை. மேற்குப் பக்கம் ஏப்ரலில், ஊவாப் பக்கம் செப்டெம்பரில். கானை மேலேயிருந்து துப்புரவு செய்துகொண்டு இறங்கினால் கிளறிய மண் முழுக்கக் கீழ் மதகில் போய் அடைக்கும். ஆகவே முதலில் கீழ்க்கடைசி மதகின் வால், பிறகு அதன் குழாய், பிறகு வாய், பிறகுதான் அதற்கு மேலுள்ள கான். அதை முடித்துக்கொண்டு அடுத்த மதகுக்கு ஏற வேண்டும். குழாய்க்குள் சிக்கியதை அலவாங்கால் (கடப்பாரையால்) மேல்வாயிலிருந்து குத்தக் கூடாது, இன்னும் இறுகும். கீழ்வாயிலிருந்து கொக்கிக் கம்பியால் இழுக்க வேண்டும். கானின் அடியை ஆழமாகத் தோண்டிவிடவும் கூடாது, மலைப்பக்கச் சரிவின் கால் அங்கேதான் ஊன்றியிருக்கிறது. அள்ளிய மண்ணை ரோட்டின் வெளியோரத்தில் வரப்பாகக் குவிப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் பிழை: அது நிரப்பு மண்ணுக்குப் பாரம் ஏற்றும், ரோட்டுத் தண்ணீர் வெளியே போகாமல் மறிக்கும், முதல் மழையில் கரைந்து பாதி மறுபடி கானுக்கே வரும். வண்டியில் அள்ளி, சரிவில்லாத இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும்வரை வேலை முடியவில்லை.